ரா. நவநீதம், பொது மேலாளர்

1979 ஜூன் 4, திங்கள்

இன்று முதல் நான் ‘மனைமலர்’ வார இதழின் பொது மேலாளர்.

முதலாளி, பெரியவர் வைத்தியலிங்கம் பக்கவாதத்தில் படுத்து ஒரு மாதம் ஆகப் போகிறது. மகன் தயாளனைக் கூப்பிட்டு, விளம்பரப் பிரிவில் இருக்கிற நவநீதத்தை என் நாற்காலியில் உட்கார வை, நான் எழுந்து வரும் வரை அவள் சொல்வதுதான் சொல் என்று குழறிக் குழறிச் சொல்லியிருக்கிறார். தயாளனுக்கு இதில் விருப்பமில்லை. அவருக்கு மனைமலரை மூடிவிட்டு சினிமாப் பத்திரிகை ஆரம்பிக்க வேண்டும். இருந்தாலும் அப்பா பேச்சைத் தட்ட முடியவில்லை.

மாடியில் பெரியவரின் அறையைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மாடியில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. நடத்துவது பெண்கள் பத்திரிகை. இத்தனை காலமும் நானும் மற்ற பெண்களும் கீழே இறங்கி, அச்சுக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறோம். மாடியில் இருக்கும் இரண்டில் ஒன்றின் கதவில் ‘பெண்கள்’ என்று எழுதச் சொன்னேன். இதுதான் என் முதல் உத்தரவு. விற்பனை மேலாளர் ராஜமாணிக்கம் கொஞ்ச நேரத்தில் வந்து, ஆண்கள் எல்லாம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது என்றார். நிற்கட்டும் என்றேன்.

வீட்டுக்காரர் இந்த வாரமும் திருச்சியிலிருந்து வரவில்லை. ஆடிட் வேலையாம். அத்தைக்கு முழங்கால் வலி. தைலம் வாங்க வேண்டும்.

ஜூன் 6

தொலைபேசியில் ஒருவர், “மேனேஜர் சார்கிட்ட ஃபோனைக் கொடும்மா” என்றார். கொடுத்தாச்சு, பேசுங்க என்றேன்.

ஜூன் 16, சனி

இன்றைய கூட்டத்தில் ராஜமாணிக்கம் ஒரு மணி நேரம் பேசினார். விற்பனை இறங்கிக்கொண்டே போகிறது, அட்டையில் நடிகை படத்தை இன்னும் பெரிதாகப் போட்டால் தூக்கி நிறுத்திவிடலாம் என்பது அவர் யோசனை. கடையில் தொங்குகிற எல்லாப் பத்திரிகையிலும் அதே நடிகைதான் பூ வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அவளைப் பார்க்க நம்முடையதை எதற்கு வாங்குவார்கள் என்று கேட்டேன்.

உதவி ஆசிரியர் மெஹருன்னிசா ஒரு தொடர் எழுத ஆசைப்படுகிறாள். ஆம்பூர்ப் பெண், வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது, கூட்டங்களில் வாயே திறக்க மாட்டாள். கணவன் விட்டுப்போன பெண்களை நேரில் போய்ப் பார்த்து, வாராவாரம் ஒருத்தியின் கதை. ஆறு பேர் உட்கார்ந்திருந்த அறையில் ‘வாழாவெட்டி’ என்ற சொல்லைப் பளிச்சென்று சொன்னாள். ஆசிரியர் பரஞ்சோதி காதைச் சொறிந்துகொண்டார். இதை யார் வாங்குவார்கள் என்றார் ராஜமாணிக்கம்.

“அந்தப் பேரை வாங்கினவங்க எல்லாரும் வாங்குவாங்க சார்” என்றாள்.

மேசை மேலிருந்த அட்டை புரூஃபைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு, போய் எழுதிக்கொண்டு வா என்றேன்.

ஜூன் 17, ஞாயிறு

கணக்கர் மகள் கல்யாணம், திருவல்லிக்கேணியில். சாப்பாடு நன்றாக இருந்தது. அவியலில் மட்டும் உப்பு கூட. மணமேடை அருகில் சந்தனமும் குங்குமமும் கொடுத்துக்கொண்டு வந்த அம்மாள் என் நாற்காலியைத் தாண்டி அடுத்தவரிடம் போய்விட்டாள். கூட்டம் அதிகம், கவனித்திருக்க மாட்டாள். அத்தையும் என்னோடு வந்திருந்தாள். தனக்குக் கொடுத்த வெற்றிலை பாக்கை நாற்காலியிலேயே வைத்துவிட்டு, “கிளம்பு, கால் வலிக்குது” என்றாள். பந்தி முடிந்து மோர்கூடக் குடிக்கவில்லை.

ஜூலை 5, வியாழன்

மெஹருன்னிசா விருதுநகரிலிருந்து திரும்பிவிட்டாள். முகம் கறுத்து, தொண்டை கட்டி வந்திருக்கிறாள். ஆனால் கண்ணில் அப்படி ஒரு பிரகாசம். அங்கே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருக்கும் குருவம்மாளைப் பார்த்திருக்கிறாள். புருஷன் பம்பாய் போய் அங்கேயே வேறு குடும்பம் கட்டிக்கொண்டுவிட்டான். அன்றிலிருந்து இந்த அம்மாள் எந்த வீட்டு வளைகாப்புக்கும் முன்னால் போய் நிற்க முடியாது. சொந்தத் தங்கையின் கல்யாணத்தில் அடுப்படியில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஊரில் யார் பிரசவ வலி என்று நடுராத்திரியில் மதுரைக்கு லைன் கேட்டாலும் போட்டுக் கொடுப்பது அவள்தான்.

பெயரை மாற்றி, முகத்தை நிழலாக்கிப் படம் போடுகிறோம் என்று மெஹருன்னிசா சொன்னாளாம். அதற்கு அந்த அம்மாள், “ஓடிப்போனது அவரு. நான் எதுக்குத் தாயீ முகத்தை மறைக்கணும்?” என்று கேட்டாளாம்.

நல்ல தலைப்பு. அதையே போடச் சொன்னேன். பிறகு சோப்புக் கம்பெனிக்காரர்கள் வந்துவிட்டார்கள், வேறு எதையும் யோசிக்க நேரமில்லை. தலைவலி.

ஜூலை 7, சனி

குருவம்மாள் படத்தை உள்பக்கத்தில் போடுவதாக இருந்தோம். அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் ஹெட்போன், எதிரே ஸ்விட்ச் போர்டு, நேராக நம்மைப் பார்க்கிறாள். சிரிக்கவில்லை, அழவும் இல்லை. இதை அட்டையில் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஆபீஸ் முழுக்க ஒரே பேச்சு. அட்டைக்கு பிளேட் எடுக்கும் டேவிட் மேலே வந்து, கொஞ்சம் வெளுப்பாக எடுத்துவிடட்டுமா, எல்லாருக்கும் அப்படித்தானே செய்கிறோம் என்றார். வேண்டாம் என்றேன். கறுப்பு அட்டை கடையில் எடுபடாது அம்மா என்றார். அந்த அம்மாள் விருதுநகரில் எப்படி இருக்கிறாரோ அப்படியே வர வேண்டும், ஒரு துளி கூடுதலாக வெளுத்தாலும் திருப்பி அனுப்புவேன் என்றேன்.

ஜூலை 9, திங்கள்

அட்டை விஷயம் தயாளன் காதுக்குப் போய்விட்டது. யார் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மனிதர் கத்தவில்லை, படித்தவர். நடிகை படம் தயாராக இருக்கிறது, மாற்றிவிடுங்கள் மேடம் என்று அமைதியாகத்தான் கேட்டார். பெரியவர் என்னை உட்கார வைத்திருக்கும்வரை அட்டையை நான்தான் முடிவு செய்வேன் என்றேன். ஏஜெண்டுகள் இதழ்க் கட்டைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினால் என்ன செய்வீர்கள் என்றார். அடுத்த வாரமும் அனுப்புவேன் என்றேன்.

“உங்க தைரியம் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா இது விழுந்தா, தீபாவளியோட மனைமலர் கிடையாது. நீங்களும் கிடையாது” என்றார்.

சரி என்று எழுந்து வந்தேன்.

ஜூலை 14, சனி

இதழ் வந்துவிட்டது. டேவிட் ஒரு துளிகூட வெளுக்கவில்லை.

ஜூலை 21, சனி

விழுந்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மதுரைப் பக்கத்துக் கட்டுகள் சணல்கூட அவிழ்க்காமல் திரும்பி வந்திருக்கின்றன. தாலிக்கொடி விளம்பரம் கொடுக்கும் நகைக்கடைக்காரர் அட்டையின் உள்பக்கத்தை ரத்து செய்துவிட்டார். எங்கள் விளம்பரத்துக்குப் பின்னால் அந்த முகமா என்று கேட்டாராம். திருநெல்வேலியில் மட்டும் எல்லாம் விற்றுவிட்டது. ஏனென்று ராஜமாணிக்கத்துக்குத் தெரியவில்லை. சந்தோஷமும் இல்லை.

தொடர் நிற்காது. இந்த வாரம் தாராபுரத்துப் பெண், அடுத்த வாரம் பண்ருட்டிப் பெண். அட்டையிலும் அவர்களேதான்.

மதுரை ஏஜெண்டுகள் கூட்டம் போடப் போகிறார்களாம். நான் வருகிறேன் என்று தந்தி கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 29, ஞாயிறு, மதுரை

ஓட்டல் மாடி ஹால். எல்லாம் ஆண்கள். வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றவர் என் பின்னால் எட்டிப் பார்த்து, “சார் கீழே இருக்காரா?” என்றார். இத்தனை வருடமாக ‘ரா. நவநீதம்’ என்று என் கையெழுத்தோடு இவர்களுக்குக் கடிதம் போயிருக்கிறது. திரு. நவநீதம் அவர்களுக்கு என்றுதான் பதில் வரும். நானும் திருத்தியதில்லை. அப்படியிருந்தால் வேலை சீக்கிரம் நடந்தது.

இன்று திருத்தினேன். நான்தான் நவநீதம் என்றதும் நாற்காலிகள் நகர்ந்தன. மூத்த ஏஜெண்ட் சங்கரலிங்கம் மட்டும் எழுந்து வணக்கம் சொன்னார். அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் எடுத்துப் படிக்கிற புத்தகம், அதில் இந்த மாதிரிப் பெண்களின் முகத்தோடு வந்தால் மங்கலமாக இருக்குமா என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள் என்றார். இன்னொருவர் பின்வரிசையிலிருந்து, வாழாவெட்டிகளுக்குத் தனியாகப் பத்திரிகை நடத்துங்கள் என்றார். சிரித்தார்கள்.

சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு அந்தப் பின்வரிசைக்காரரைப் பார்த்து, உங்கள் தெருவில் அப்படிப்பட்டவர்கள் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டேன். இருக்கிறார்கள் என்றார். உங்கள் உறவில்? அவர் குனிந்து செருப்பைத் தேடினார். பக்கத்திலிருந்தவர்கள் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார்கள். அத்தனை பேர் வீட்டிலும் எங்கோ ஓர் அறையில் ஒருத்தி இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

“கட்டைப் பிரிக்காம அனுப்பாதீங்க. கடையில தொங்க விடுங்க. விக்கலைன்னா திருப்பி அனுப்புங்க, நான் கேக்க மாட்டேன். ஆனா விக்குமா விக்காதான்னு முடிவு பண்ண வேண்டியது வாங்குற பொம்பளைங்க. நீங்களும் இல்ல, நானும் இல்ல.”

சங்கரலிங்கம் தொங்க விடுவதாக ஒப்புக்கொண்டார். மற்றவர்கள் காபி குடிக்கப் போய்விட்டார்கள்.

ஆகஸ்ட் 3, வெள்ளி

இன்று தயாளன் கூப்பிட்டனுப்பினார். ராஜமாணிக்கம் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார். ஏஜெண்டுகள் மத்தியில் ஒரு பேச்சு உலவுகிறது என்று தயாளன் ஆரம்பித்தார். நான் சொந்தக் கதையைத்தான் பத்திரிகை முழுக்க எழுத வைக்கிறேனாம். என் வீட்டு விஷயம் மதுரைக்கு எப்படிப் போனது என்று ராஜமாணிக்கத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

தயாளன் நல்லவிதமாகவே சொன்னார். அந்தப் பேச்சு அடங்கும் வரை, கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சாகும் என் பெயரை எடுத்துவிடலாமாம். வேலை நானே பார்க்கலாம், சம்பளமும் அப்படியே. பெயர் மட்டும் வேண்டாம்.

“குடும்பப் பத்திரிகை பாருங்க மேடம்.”

“நானும் குடும்பம்தான் நடத்துறேன்” என்றேன்.

பெயரை எடுக்க மாட்டேன் என்று எழுந்தேன். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த இதழின் கட்டுரையைப் பிழை திருத்தினேன். நிறையப் பிழைகள். ஒரே வரியைப் பல தடவை படிக்க வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அத்தையிடம் போய் உட்கார்ந்தேன். பத்திரிகையில் ஒரு பக்கம் நானே எழுதப் போகிறேன், என் பெயரையும் படத்தையும் போட்டு, நடந்ததை நடந்தபடி என்றேன். அவர் உங்கள் பிள்ளை, நீங்கள் வேண்டாம் என்றால் எழுத மாட்டேன் என்றும் சொன்னேன்.

இந்த வீட்டில் இதுவரை நாங்கள் இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வாராவாரம் நான் ஆடிட் என்பேன், அவள் ஆமாம் என்பாள். குழந்தை இல்லை என்று ஆரம்பித்தது. பிறகு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அங்கே பையன் பிறந்திருக்கிறான் என்று உறவுக்காரர் ஒருவர் வந்து அத்தையிடம் சொன்ன அன்று, அவள் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினாள். நான் அடுப்படியில் இருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அத்தை கத்தியைக் கீழே வைத்தாள்.

“அவன் பேரை எழுதாதே. பெத்தவ நான் இருக்கேன். உன் பேரைப் போடு. பெருசாவே போடு.”

பிறகு வெண்டைக்காயைத் தொடர்ந்து நறுக்கினாள். மோர்க்குழம்பு வைத்தோம்.

ஆகஸ்ட் 9, வியாழன்

ஒரு பக்கம்தான், ஆனால் இரண்டு நாள் ஆயிற்று. பரஞ்சோதி சாரிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார். ஒரு கமாவை மட்டும் எடுத்தார். இப்படி ஆரம்பித்திருக்கிறேன்:

‘என் பெயர் நவநீதம். இந்தப் பத்திரிகையின் பொது மேலாளர். ஆண் என்று நினைத்து எனக்குக் கடிதம் எழுதியவர்கள் திருத்திக்கொள்ளவும். என் கணவர் வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். நான் சென்னையில் அவருடைய தாயாரோடு இருக்கிறேன். காலையில் எழுந்து சமைக்கிறேன், வேலைக்குப் போகிறேன், சம்பாதிக்கிறேன், சிரிக்கிறேன், சில நாள் அழுகிறேன். வாழாவெட்டி என்ற சொல்லில் ‘வாழா’ என்பது பொய்.’

இனிமேல் இந்த டைரியிலும் ஆடிட் என்று எழுத வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 18, சனி

இதழ் கடைக்குப் போய்விட்டது. மூன்றாம் பக்கத்தில் நான். ஆபீசில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. டேவிட் மட்டும் மேலே வந்து, உங்கள் படத்தையும் வெளுக்கவில்லை அம்மா என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 27, திங்கள்

திரும்பி வந்த கட்டுகள் சனிக்கிழமை பாதியாகக் குறைந்திருந்தன. நம்பாமல் மறுபடி எண்ணச் சொன்னேன். சேலமும் கும்பகோணமும் கூடுதல் பிரதி கேட்கின்றன. தூத்துக்குடியில் ஒரு கல்லூரி விடுதிப் பெண்கள் சேர்ந்து சந்தா கட்டியிருக்கிறார்கள். திட்டி வரும் கடிதங்களுக்கும் குறைவில்லை. ஒருவர் எனக்கு விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை உறையில் வைத்து அனுப்பியிருக்கிறார். அடுத்த இதழில் திட்டுகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.

மாலையில் ராஜமாணிக்கம் வந்தார். மதுரைக் கணக்கு ஏதோ சொன்னார். போகாமல் நின்றார். குருவம்மாள் அட்டை போட்ட இதழ் ஒன்று மிச்சம் இருக்குமா என்று கேட்டார். அரக்கோணத்தில் தங்கை இருக்கிறாளாம். நான்கு வருடமாக அவர் அம்மா வீட்டில்தான் இருக்கிறாளாம். படித்துவிட்டு அவளே கேட்டு எழுதியிருக்கிறாள்.

எடுத்துக் கொடுத்தேன். அவரை உட்காரச் சொல்ல வாய் வரவில்லை. மதுரைக்கு என் வீட்டுக் கதையைக் கொண்டுபோன வாய் அது. ஆனாலும் அந்தத் தங்கையின் பெயரைக் கேட்டேன். வேதநாயகி என்றார்.

செப்டம்பர் 12, புதன்

பெரியவர் போய்விட்டார். அத்தையும் நானும் போய் மாலை வைத்தோம். கடைசியாக நான் பார்த்தபோது அவர் தலைமாட்டில் குருவம்மாள் இதழ் இருந்தது. படித்தாரா என்று தெரியவில்லை, கேட்கவும் தோன்றவில்லை.

அவர் எனக்குக் கொடுத்த வார்த்தையும் இன்றோடு போயிற்று.

செப்டம்பர் 20, வியாழன்

காரியம் முடிந்து தயாளன் இன்றுதான் ஆபீஸ் வந்தார். நேராக விஷயத்துக்கு வந்தார். பொங்கலுக்குச் சினிமாப் பத்திரிகை. மனைமலரை அதற்குள் நிறுத்திவிடலாம். நான் விளம்பரப் பிரிவுக்கே திரும்பிப் போகலாம்.

போக மாட்டேன் என்றேன். பத்திரிகையை நிறுத்த உங்களுக்கு உரிமை இருக்கிறது, என்னைக் கீழே இறக்க எனக்குச் சம்மதமில்லை, நிறுத்துவதானால் நானும் மெஹருன்னிசாவும் வேறு பெயரில் இதையே நடத்துவோம், ஏஜெண்டுகளுக்கு என்னைத் தெரியும் என்றேன். தெரியும் என்று சொல்லும்போதே அவர்கள் வருவார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். குரலில் காட்டிக்கொள்ளவில்லை.

அவர் என் எதிரிலேயே மதுரைக்கு டிரங்கால் போட்டார். சினிமாப் பத்திரிகை வந்தால் எத்தனை எடுப்பீர்கள் என்று சங்கரலிங்கத்திடம் கேட்டார். ஒலி சரியில்லாமல் அந்தப் பக்கத்துக்காரர் கத்தியது எனக்கே கேட்டது.

“சினிமாவுக்கு ஏற்கெனவே நாலு வருது தம்பி. எனக்குப் புரட்சி கிரட்சி எல்லாம் தெரியாது. சனிக்கிழமை காலையில பொம்பளைங்க அவங்களே கடைக்கு வந்து நிக்கிறாங்க. முன்னெல்லாம் வீட்டு ஆம்பளைதான் வாங்கிட்டுப் போவான். வந்து நிக்கிறவங்களுக்கு நான் என்ன சொல்றது?”

தயாளன் ரிசீவரை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். நாளை பேசலாம் என்றார்.

செப்டம்பர் 24, திங்கள்

திருச்சியிலிருந்து அவர் ஆபீசுக்கே வந்துவிட்டார். மூன்று வருடத்தில் முதல் தடவை. தலை நரைத்திருக்கிறது. சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. எப்போதும் நான்தான் தைப்பேன். உட்காரச் சொன்னேன், காபி வரவழைத்தேன்.

திருச்சியில் அவர் ஆபீஸ் முழுக்க என் பக்கத்தைப் படித்துவிட்டார்களாம். பெயர் இல்லாவிட்டாலும் யாரென்று ஊருக்குத் தெரியாதா என்றார். மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அரசாங்க வேலை, இரண்டு குடும்பம் என்று எழுத்தில் போனால் வேலைக்கே ஆபத்து. அந்தக் கவலைதான் அவரை ரயில் ஏற்றியிருக்கிறது. என்னைப் பார்க்க வேண்டும் என்று ரயில் ஏறவில்லை. அம்மா எப்படி இருக்கிறாள் என்று காபி முடிகிற வரை கேட்கவில்லை.

“அது என்னைப் பத்தி இல்லேன்னு ஒரு மறுப்புப் போட்டுடு நவநீதம். ரெண்டு வரி போதும்.”

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவர் ஒரு வாசகர், புகாரோடு வந்திருக்கிறார், அவ்வளவுதான் என்று பட்டது. வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினேன்.

“நீங்களே எழுதிக் கொடுங்க, அப்படியே போடறேன். கீழே உங்க பேரும் விலாசமும் இருக்கணும். பேரும் விலாசமும் இல்லாம வர்றதை நாங்க வெளியிடறதில்ல.”

பேனாவை மூடித் தாள் மேல் வைத்தார். பிறகு எழுந்து போனார். அம்மாவைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அது அவருக்கே தோன்ற வேண்டியது.

அவர் போன பிறகு கதவைத் தாழ்போட்டுக்கொண்டு அழுதேன். இதையும் எழுதிவிடுகிறேன். அழுது முடித்து, முகம் கழுவி, சோப்புக் கம்பெனிக்காரர்களைப் பார்த்தேன். அட்டையின் உள்பக்கத்தை ஒரு வருடத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அக்டோபர் 3, புதன்

தீபாவளி மலர் அச்சுக்குப் போகிறது. மனைமலர் தொடரும் என்று தயாளன் சொல்லிவிட்டார். சினிமாப் பத்திரிகையும் வரும், அது அவர் பாடு. என் நியமனம் நிரந்தரம் என்ற உத்தரவை அவரே கொண்டுவந்து கொடுத்தார். முகத்தில் தோற்ற களை இல்லை. லாபம் எங்கே என்று தெரிந்துகொண்டவர் முகம் அது. எனக்கு அது போதும்.

போகும்போது கதவருகே நின்று, மலரில் உங்கள் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று அச்சுக்கூடத்தில் கேட்கிறார்கள் என்றார். சொல்லக் கூச்சப்பட்டார்.

“திருமதின்னு போடறதா, வேற எப்படி மேடம்?”

“முன்னால ஒண்ணும் வேண்டாம். பின்னால பதவியைப் போடுங்க” என்றேன்.